நான்கு பெட்டிகளோடு வந்த அம்மா

நேபாளத்தின் தரான் நகரில் பானு சௌக்கை ஒட்டிய சந்தில் ஒரே கட்டிடத்தில், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் கன்சல்டன்சிகள் மூன்று இருந்தன. முதல் மாடியில் ஆஸ்திரேலியா, இரண்டாம் மாடியில் ஜப்பான், அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட அறையில் ஐரோப்பா முழுவதும். தரைத்தளத்தில் புஷ்பா அக்காவின் டீக்கடை. மேலே போய்விட்டு இறங்கி வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே டீயில் சர்க்கரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவள் முடிவு செய்துவிடுவாள்.

இக்சா நெம்பாங் இறங்கி வந்த அன்று புஷ்பா அக்கா ஒரு கரண்டி கூடவே போட்டாள். மெல்போர்னில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. உணவுத் தொழில்நுட்பம், மூன்று வருஷப் படிப்பு. அடுத்த மாதக் கடைசிக்குள் முதல் தவணையைக் கட்டிவிட்டால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

"அப்போ பார்ட்டி எப்போ?" என்றான் உதேன். பள்ளியில் இக்சாவோடு படித்தவன். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, மூன்றாவது தேசத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டிடத்தில் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருப்பதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

"அவ முதல்ல பணத்தக் கட்டட்டும்டா. கட்டினப்புறம் விசா வரலைன்னா உன் பக்கத்துல உட்கார்ந்து காலம் பூரா டீ குடிக்கணும். இருக்கிற ரிஸ்க்லயே அதுதான் பெருசு" என்றாள் இக்சாவின் தோழி ரோஜினா.

ரோஜினாவின் கதை வேறு. ஆங்கிலத் தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கிய செய்தி பரவியதும் இட்டஹரியிலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்துவிட்டது. படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. பதிலுக்கு அவள் தங்கள் பையனைக் கட்டிக்கொண்டு, கூடவே அழைத்துப் போக வேண்டும்.

"ஆளு எப்படிடீ?" என்று கேட்டாள் இக்சா.

"ரெண்டு தடவ பார்த்துப் பேசியிருக்கேன். மரியாதையாத்தான் பேசறான். சமைப்பானாம்."

"சமைக்கத் தெரிஞ்சா போதும், நானே கட்டிக்கிறேன்" என்றான் உதேன்.

ரோஜினா சிரித்தாள். பிறகு கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்ல நிலம் கிடையாது, நகை கிடையாது. அவன் சரியில்லாதவனாப் போனா நான் மாட்டிக்குவேன். நான் அங்க போய் அவனைக் கழட்டி விட்டா அவன் மாட்டிக்குவான். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு பயம். எத்தனை கல்யாணத்துல இந்தப் பொருத்தம் இருக்கு, சொல்லு?"

இக்சாவும் தன் பயங்களை அடுக்கினாள். விசா வராமல் போகலாம். போன இடத்தில் வேலை கிடைக்காமல் போகலாம். காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உதேன் ஒரு வேடிக்கை சொன்னான். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. முதல் வருஷத்துக்கு வீட்டு மனையை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். அடுத்த இரண்டு வருஷங்களை சைப்ரஸில் இருக்கும் அம்மாதான் இழுக்க வேண்டும்.

அம்மா ஜஸ்மாயா போனபோது இக்சாவுக்குப் பதினோரு வயது. ஒன்பது வருஷமாக லிமசோல் நகரத்தில் தெஸ்பினா என்ற வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இடையில் இரண்டு முறை விடுப்பில் வந்து போயிருந்தாள். ஒரு காலத்தில் கால்பந்து ஆடிய அப்பா பதம்சிங் கடைத்தெருவில் ஜெர்சிக்குப் பேரும் நம்பரும் அச்சடிக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். காலையில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைப் பந்தோடு ஓடவிட்டு, வந்து சமைத்துவிட்டுக் கடை திறப்பார். இக்சாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டதும், அவள் பெரியவளானபோது கடைக்குப் போய்க் கூச்சத்தோடு நாப்கின் வாங்கி வந்ததும் அவர்தான்.

அந்த வாரம் அம்மா வருகிறாள். ஃபீஸ் கட்டும் நேரத்தில் கூட இருக்கலாம் என்று விடுப்பு எடுத்திருப்பதாகப் போனில் சொன்னாள்.

பிராட்நகர் விமான நிலையத்து வாசலில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறியும், மாலைக்குத் தோங்பா என்ற சூடான கள்ளுக்கு நொதித்த கேழ்வரகும் தயாராக இருந்தன. அம்மா தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். நான்கு பெட்டிகள். காட்மாண்டுவிலிருந்து வரும் சின்ன விமானத்தில் இவ்வளவு சுமைக்கு எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று இக்சா நினைத்தாள்.

"இளைச்சிட்டியே" என்றார் அப்பா.

"நீ பெருத்துட்டியே" என்றாள் அம்மா. அப்பா ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சக்கரம் வைத்த பெட்டி அது என்பதை மறந்தே நடந்தார்.

"வாங்கம்மா, பிளேன்ல தூங்கினீங்களா?" என்று கேட்டாள் இக்சா. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பெட்டிகளைப் பிரிக்கும் வேலை இக்சாவுக்கு விழுந்தது. முந்தைய விடுப்புகளில் அம்மா கொண்டுவந்தது என்ன என்பது அவளுக்கு நினைவிருந்தது. சாக்லேட், சோப்பு, அப்பாவுக்கு ஷூ, உறவுக்காரர்களுக்கு ஆளுக்கொரு சட்டை. இந்தத் தடவை முதல் பெட்டியில் மட்டும் அவை இருந்தன. இரண்டாவதில் அடிப்பக்கம் கறுத்த ஒரு கெட்டில். தேய்ந்த வீட்டுச் செருப்பு. மூன்றாவதில் ஒரு இஸ்திரிப் பெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகாத வாணலி, மடித்த ஜன்னல் திரைச்சீலை. நான்காவது பெட்டி முழுவதும் ஒரு கனத்த ரஜாய்ப் போர்வை.

இக்சா திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். விடுப்பில் வருகிறவர்கள் யாரும் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வருவதில்லை.

அவள் கேட்கவில்லை. அம்மா தானாகவே சொல்வாள் என்று காத்திருந்தாள். அம்மா சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனாள், பல் டாக்டரிடம் போனாள், அப்பாவின் கடைக்குப் போய்த் தூசி தட்டினாள். அந்தப் பெட்டிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த திங்கட்கிழமை அவளே புடவை மாற்றிக்கொண்டு, "கிளம்பு, கன்சல்டன்சிக்குப் போய் என்ன ஏதுன்னு பேசிடலாம்" என்றாள்.

முதல் மாடி அதிகாரி திபேஷ் நல்ல மனிதர்தான். பொய் சொல்ல மாட்டார், ஆனால் கேட்காததைச் சொல்லவும் மாட்டார். கடனுக்கு மனைப் பத்திரம் போதும் என்றார். குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும் என்றார்.

"உங்க வேலை தொடர்ந்து இருக்குமில்லீங்களா அக்கா? இவங்க படிப்பு முடியிற வரைக்கும்?"

"இருக்கும் தம்பி. என்னை விட மாட்டாங்க. அந்தம்மாவுக்கு நான் இல்லைன்னா சோறே இறங்காது" என்றாள் அம்மா. குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. கை மட்டும் மடியிலிருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

இக்சா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தனக்காக ஒருவர் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"நாளைக்கு வந்து முடிவு சொல்றோம் அண்ணா" என்று எழுந்துவிட்டாள்.

"என்னடீ நாளைக்கு? இன்னைக்கே..."

"நாளைக்கும்மா."

படியிறங்கி, புஷ்பா அக்காவின் கடையில் நிற்காமல், மணிக்கூண்டைத் தாண்டி ஒரு மோமோ கடைக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். மதியம் கழிந்த நேரம், கடையில் ஆளில்லை. தட்டு வந்தது. இருவரும் தொடவில்லை.

"அந்தம்மா எப்போ செத்தாங்க?" என்றாள் இக்சா.

அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தாள், வைத்தாள். "யாரு சொன்னா?"

"கெட்டில் சொல்லிச்சு. திரைச்சீலை சொல்லிச்சு."

அம்மா தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். தெஸ்பினா அம்மாள் குளிர்காலத்திலேயே போய்விட்டாள். தூக்கத்தில், சிரமமில்லாமல். அந்த அம்மாள் இருக்கும்வரைதான் அம்மாவுக்கு விசா. மகன் நல்லவன், சாமான்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அதற்குப் பிறகு நாலைந்து நேபாளிப் பெண்களோடு ஓர் அறையில் தங்கி, கிடைத்த வீடுகளில் துடைத்து மெழுகி, மாதாமாதம் பணத்தையும் தவறாமல் அனுப்பியிருக்கிறாள். பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

"இப்போ என்ன பண்றதா இருக்கீங்க?"

"ருமேனியாவுக்கு ஆள் எடுக்கறாங்களாம். ஒரு ஏஜென்ட் பேசியிருக்கான். உன்னை பிளேன் ஏத்திட்டு நான் கிளம்பிடுவேன்."

"அங்க என்ன வேலை?"

"ஏதோ வேலை. மீன் ஃபேக்டரின்னான். எதுவா இருந்தா என்ன?"

"அந்த ஏஜென்ட் ஏமாத்திட்டா? மனை பேங்க்ல இருக்கும். நான் அங்க பாதிப் படிப்புல நிப்பேன். நீங்க எங்கேயோ இருப்பீங்க. அப்பா இங்க தனியா என்ன பண்ணுவாரு?"

"அப்படியெல்லாம் ஏன் நினைக்கிற? நல்லதா நினையேன்."

"நான் போகலைம்மா."

அம்மாவின் முகம் சிவந்தது. "பைத்தியமா உனக்கு? ஒன்பது வருஷம். ஒருத்தி மலஜலம் எடுத்து, அவளுக்குத் தலை வாரி, உனக்குத் தலை வாராம... எதுக்காக? நீ இங்கயே உட்கார்றதுக்கா?"

"எனக்காகன்னு சொல்லாத."

"வேற யாருக்காக?"

"நான் கேட்டேனா? நான் கேட்டதெல்லாம் நீ எப்போ வருவேன்னுதான். ஒவ்வொரு போன்லயும் அதத்தான் கேட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் உனக்கு என்ன வேணும், ஷூ வேணுமா, போன் வேணுமான்னு கேட்டே."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்குமே உறைத்தது. இத்தனை வருஷமாக அப்பாவை நீ என்றும் அம்மாவை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல, நீங்க என்றும்தான் இக்சா பேசி வந்திருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன மோமோவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, காரம் தாங்காமல் இருமினாள். ஒன்பது வருஷத்தில் தரான் மிளகாய் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோபித்துக்கொண்டு உள்ளறையில் படுத்துக்கொண்டாள். இக்சாவே அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "செத்துப்போனதையே என்கிட்ட சொல்லலியே" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏதோ இறங்கிப்போயிருந்தது. எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த கெட்டிலை எடுத்தார். புளியும் சாம்பலும் போட்டு அடிப்பக்கக் கறுப்பு போகும்வரை தேய்த்து, அடுப்படி அலமாரியில் தன் பாத்திரங்களை ஓரம் தள்ளி இடம் பண்ணி வைத்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளறை ஜன்னலில் அந்தத் திரைச்சீலையை மாட்டினார். ஜன்னலைவிடத் திரை ஒரு முழம் நீளம்.

படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "மடிச்சுத் தைக்கணும்" என்றாள்.

"தைக்கலாம். எங்க போகப் போகுது" என்றார் அப்பா.

இக்சா மட்டும் இன்னும் இரண்டுபட்டுத்தான் இருந்தாள். போகவில்லை என்று வாய் சொல்லிவிட்டது, மனசு அவ்வளவு லேசில் விடவில்லை. அந்த ஊரில் அவள் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எப்போ கிளம்பற?" என்பதுதான். இருந்துவிட்டால் என்ன சொல்வது? பயந்துவிட்டேன் என்றா?

உதேனின் அண்ணன் மிலன் மெல்போர்னில் இருந்தான். மதியம் அவனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு கிடங்கின் பின்பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"வா வா, ஏர்போர்ட்டுக்கு நானே வரேன்" என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, நீங்க எப்பவாவது பரீட்சையில தவறியிருக்கீங்களா?"

மிலன் மெல்லுவதை நிறுத்தினான். "எல்லாரும் 'அங்க நல்லா இருக்கா'ன்னுதான் கேப்பாங்க. நானும் நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். நீ என்ன இப்படிக் கேக்கற?"

"சொல்லுங்க."

"தவறினேன். முதல் வருஷம், ரெண்டு பாடம். உதேனுக்குத் தெரியாது, சொல்லிடாத." ஒரு கதவை ஒட்டித் தள்ளி நின்றுகொண்டான். "ரெண்டுக்கும் திரும்பக் கட்டணும். எதுக்குன்னு உதேன்கிட்ட சொல்லாம அப்பா ஆரஞ்சுத் தோட்டத்தை வித்து அனுப்பினாரு. அதனாலதான் நான் தப்பிச்சேன். என் ரூம்ல இருந்தவன் ஒருத்தன், அவனும் என்னை மாதிரியே தவறினான், என்னைவிட நல்லாப் படிக்கிறவன். அவன் வீட்ல விக்கறதுக்கு ஒண்ணுமில்ல. காலேஜை விட்டுட்டான். இப்போ விசா இல்லாம ஏதோ பண்ணைல வேலை செய்யறான்னு சொல்றாங்க. போன் எடுக்க மாட்டேங்கறான்."

"அப்போ வர வேணாமா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. படிப்பும் பிடிச்சிருக்கு. ஆனா இங்க வர்ற எல்லாருமே ஒரு தடவ தடுக்கி விழறாங்க இக்சா. அந்த ஒரு தடவையைத் தாங்க வீட்ல பலம் இருக்கான்னு பாத்துக்க. அவ்வளவுதான்." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். ரொட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினான்.

போனை வைத்த பிறகு இக்சா ரொம்ப நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தாங்கப் பலம் இல்லை. அது அவளுக்கே தெரிந்திருந்தது. இருந்த பலமெல்லாம் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அந்தப் பலத்தை மீன் ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டு மெல்போர்னில் போய் எந்தப் பாடத்தைப் படிப்பது?

மறுநாள் காலை அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டாள். பருப்பை வேகவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, எண்ணெய் ஊற்றி ஏதோ செய்துகொண்டிருந்தாள். தெஸ்பினா அம்மாளுக்குப் பிடித்த பதார்த்தமாம். இக்சா ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். உப்பு குறைச்சல்.

"அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு" என்றாள் அம்மா. "கை அப்படியே பழகிடுச்சு."

இக்சா உப்பு ஜாடியை நகர்த்தினாள். "இங்கயே ஹாத்திசார் காலேஜ்ல இதே படிப்பு இருக்கு. நுழைவுத் தேர்வு இன்னும் முடியல. எழுதப் போறேன்."

அம்மா பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "பயந்துட்டியா?"

"ஆமா. பயம்தான்."

"நானும் பயந்தேன். போகலியா?"

"பயத்தை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணினே?"

அம்மா யோசித்தாள். "என்ன பண்றது? உட்கார்ந்து பார்க்க எங்க நேரம்? பூகம்பத்துல வீடு இடிஞ்சு கிடந்துச்சு, உங்கப்பாவுக்குக் கால் உடைஞ்சு ஆட்டம் நின்னு போச்சு. வந்த முதல் ஏஜென்ட்டுக்குச் சரின்னேன். எந்த ஊருன்னுகூட அப்புறம்தான் கேட்டேன்."

"எனக்கு உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும்மா. அதை நீதான் சம்பாதிச்சுக் கொடுத்திருக்க. அதை நான் வீணாக்கலை. இந்தப் படிப்பை இங்க முடிக்கிறேன், வேலைக்குப் போறேன், அப்புறமும் ஆசை இருந்தா போறேன். அப்போ என் காசுல போவேன். விழுந்தா நானே எழுந்திருக்கற அளவுக்கு வெச்சுக்கிட்டுப் போவேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று இக்சா எட்டிப் பார்த்தபோது, அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள்.

"நான் அங்க ஒன்பது வருஷமும் அழுதுட்டே இருந்தேன்னு நினைச்சுக்காதடீ. எனக்கு நீச்சல் தெரியும், தெரியுமா?"

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை தெஸ்பினாம்மாவைச் சக்கர நாற்காலியில கடற்கரைக்குத் தள்ளிட்டுப் போவேன். அது குடைக்கடியில உட்கார்ந்துக்கிட்டு, கையை வீசு, காலை அடின்னு கத்தும். அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள் மிதந்துட்டேன். அது கை தட்டுச்சு. பக்கத்துல இருந்தவங்களும் தட்டினாங்க."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"எப்படிச் சொல்றது? நீ இங்க அம்மா இல்லாம இருக்க. நான் அங்க நீந்திட்டு இருக்கேன்னா?"

இக்சா அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அவளைவிட அம்மா குள்ளம். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்படியே நின்றாள்.

மெல்போர்ன் கல்லூரிக்குப் போகவில்லை என்று சொன்னபோது திபேஷ் அவளைத் தடுக்கவில்லை. "யோசிச்சுத்தானே சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார். கீழே புஷ்பா அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரைக் கரண்டியோடு சற்று நேரம் குழம்பி நின்றாள்.

ரோஜினா அந்தக் குளிர்காலத்தில் கல்யாணம் முடித்து சிட்னிக்குப் போனாள். முதல் சில மாதங்கள் போன் செய்து அழுதாள். பிறகு, சமைப்பான் என்று சொன்னது உண்மைதான் என்றும், ஆனால் முட்டை மட்டும்தான் சமைக்கிறான் என்றும் சொல்லிச் சிரித்தாள். உதேனுக்கு ஜப்பான் விசா கிடைத்தது. போய் ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்துவிட்டான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்போது பதம்சிங்கின் கடையில் ஜெர்சி அச்சடிக்கிறான். மறுபடி ஜோக்கடிக்க ஆரம்பிக்க அவனுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அம்மா முதல் வருஷம் வீட்டோடு ஒட்டாமல்தான் இருந்தாள். காலையில் எழுந்ததும் மாத்திரை கொடுக்க ஆள் தேடுவாள். அப்பாவோடு எதற்கெடுத்தாலும் சண்டை. தனியாகவே சமைத்துப் பழகிய மனிதர் அவர், அடுப்படியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் கீழே விழுந்துவிட்டார். பிள்ளைகள் லண்டனில். அம்மா போய்த் தூக்கி உட்கார வைத்து, புண்ணைத் துடைத்துக் கட்டி, பத்து நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். லண்டனிலிருந்து மகள் போன் செய்து, மாதாமாதம் வர முடியுமா என்று கெஞ்சினாள். பிள்ளைகளை ஹாங்காங்குக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தரானில் பஞ்சமே இல்லை. இரண்டாம் வருஷம் அம்மாவுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். வெளியூரிலிருந்து போன் செய்து அழும் பிள்ளைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இக்சா படிப்பை முடித்தாள். சுமாராக ஆரம்பித்து நன்றாக முடித்தாள். மூன்றாம் வருஷம் ஒரு பாடத்தில் தவறினாள். வீட்டுக்கு வந்து சொன்னாள், அப்பா வாணலியைத் துடைத்துக்கொண்டே "அடுத்த மேட்ச் இருக்குல்ல" என்றார், மறுபடி எழுதினாள். இட்டஹரியில் ஒரு நூடுல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். ஆசை போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. கினேமா என்ற நொதிக்க வைத்த சோயா உணவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நியூசிலாந்தில் ஒரு பேராசிரியை எழுதியதைப் படித்துவிட்டு, அவருக்கே எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. முதுகலைக்கு இடம் கிடைத்தது. பாதிச் செலவு கல்லூரி தள்ளுபடி, மீதி அவள் சேர்த்த பணம். மனையைத் தொடவில்லை.

கிளம்பும் நாளில் பிராட்நகர் விமான நிலையத்துக்கு அப்பா, அம்மா, உதேன் மூவரும் வந்தார்கள். உதேன் அவள் பேரும் பத்தாம் நம்பரும் அச்சடித்த ஜெர்சி ஒன்றைக் கையில் கொடுத்தான். அப்பா பெட்டியைத் தூக்கி எடை பார்த்து, கீழே வைத்து, திரும்பவும் தூக்கினார்.

வரிசை நகர்ந்தபோது அம்மா அவளை ஓரமாக இழுத்தாள். புத்திமதி சொல்லப் போகிறாள், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை என்பாள் என்று இக்சா நினைத்தாள்.

"பிடிக்கலைன்னா வந்துடு" என்றாள் அம்மா. "பாதியில வந்தாலும் வா. ஏன் வந்தேன்னு இந்த வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. உங்கப்பா கேட்டா நான் பார்த்துக்கிறேன்."

"நீ போறப்போ உன்கிட்ட யாராவது இப்படிச் சொன்னாங்களாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு இக்சாவின் கோட்டுக் காலரை நேராக்கி, முதுகில் லேசாகத் தட்டி, வரிசைக்குள் தள்ளிவிட்டாள்.

இக்சா உள்ளே போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதேன் அவர் தோளைப் பிடித்திருந்தான். அம்மா அழவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.